யப்பானியச் சோலையும் உக்குவளைத் தோட்டமும்

யப்பானியச் சோலை என்றதும் கற்றார் பலர் உள்ளத்திலே தோன்றுவன கல்விளக்கு, வளைந்த பாலம், வெண்மணற் பரப்பு, அதன் நடுவே கிடக்கும் பாறை என்பனவே. படங்களும் பயண நூல்களும் இவற்றையே மிகுதியாக எடுத்துக் காட்டியமை இதற்குக் காரணமாகலாம். இவை சோலையின் உறுப்புக்கள், உயிர் அல்ல. அங்கு நிற்கும் மரம் ஆண்டின் இன்ன பொழுதிற் பூக்கும் என்பதிலும், அப்பூ வந்தவுடன் மக்கள் இன்னது செய்வர் என்பதிலுமே அச்சோலையின் உயிர் தங்கியுள்ளது. செடி, நாள், செயல் என்னும் மூன்றும் பிணைந்து நிற்குங்காறும் சோலை படித்தறியத்தக்க நூலாக விளங்கும். பிணைப்பு அறுந்துவிடின் அது வெறுங் காட்சிப் பொருளாய் எஞ்சும். இவ்வுண்மையை யப்பானியர் வரலாறு கொண்டே நிறுவி, மாத்தளை மாவட்டத்து உக்குவளையிலும் அதனை அடுத்த ஊர்களிலும் வாழும் தமிழருடைய பருவ மரபையும், அம்மரபை அவர்தம் இலக்கியம் ஏற்ற அளவையும் ஆராய்தல் ஈண்டு நோக்கமாகும்.

சோலையைக் காணும் கண்ணை யப்பானியருக்கு அளித்தது அவர்தம் பாட்டிலக்கியமே. ஏறத்தாழக் கி.பி. 905 ஆம் ஆண்டில், கி நொ ட்சுராயுக்கி முதலிய புலவர் அரசன் ஆணைப்படி தொகுத்த ‘கொக்கின்சூ’ என்னும் தொகைநூல் 20 பகுதிகளை உடையது. அவற்றுள் முதல் 6 பகுதிகளும் பருவங்களுக்கே உரியன. இளவேனிலுக்கு 2, கோடைக்கு 1, இலையுதிர் பருவத்துக்கு 2, குளிர் பருவத்துக்கு 1 என அவை வகுக்கப்பட்டன. காதலும் பிரிவும் இவற்றின் பின்னரே இடம் பெற்றன. அத்தொகையின் முதற் பாட்டே சுவையான ஓர் ஐயத்தை எழுப்புகின்றது. பழைய ஆண்டு முடியுமுன்னரே இளவேனில் வந்துவிட்டது. இனி, கழிந்த நாட்களைச் சென்ற ஆண்டு என்பதா, இவ்வாண்டு என்பதா என்பதே அந்த ஐயம். பஞ்சாங்கமும் பருவமும் ஒன்றோடொன்று ஒவ்வாத நிலையைச் சொல்லித் தொடங்கும் தொகைநூல் என்ற வகையில் இது கருதத்தக்கது.

பருவத்துக்குரிய மரம் எது என்பதும் மாறாது நின்ற ஒன்றன்று. எட்டாம் நூற்றாண்டில் அமைந்த ‘மன்யோசூ’ என்னும் முந்திய தொகையில் சீனத்திலிருந்து வந்த ‘ஊமே’ என்னும் பிளம் மரமே பெருமை பெற்றது. அதனைப் பாடிய பாடல்கள் செர்ரி மரமாகிய சகுராவைப் பாடியவற்றினும் இரு மடங்குக்கு மேற்பட்டன. பின்னைய நூற்றாண்டுகளிலேதான் பூ என்னும் பொதுச்சொல்லே சகுராவைக் குறிக்கும் அளவுக்கு அம்மரம் உயர்ந்தது. ஆயினும் ஊமே தன் இடத்தை முற்றும் இழக்கவில்லை. சுகவாரா நொ மிச்சிசானே என்னும் பேரறிஞர் 901 இல் தலைநகரை விட்டு டசாய்பு என்னும் ஊருக்குத் துரத்தப்பட்டு 903 இல் அங்கே இறந்தார். அவர் வளர்த்த ஊமே மரம் அவரைப் பிரிந்திருக்க மாட்டாது டசாய்புவுக்குப் பறந்து சென்றது என்பது கதை. பிற்காலத்தார் அவரைக் கல்விக்குரிய தெய்வமாக வழிபட்டனர். கியோத்தோ நகரத்துக் கித்தானோக் கோயிலில் அவர் நினைவாக பெப்ரவரி 25 ஆம் நாளில் ஊமே பூவிழா நிகழ்கின்றது. தேர்வெழுதும் மாணாக்கர் அவரை வேண்டிக்கொள்கின்றனர். செடியும் நாளும் செயலும் ஒருங்கே பிணைந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பாட்டிலே வகுக்கப்பட்ட பருவத்தை நிலத்திலே வகுத்துக் காட்டியது பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாக்கி சிக்கிபு என்னும் அம்மையார் இயற்றிய ‘கெஞ்சி’ கதையாகும். கதைத் தலைவன் தன் பெருமனையை நான்கு கூறாக வகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பருவத்துக்கும் ஒரு பெண்ணுக்கும் உரியதாக்குகின்றான். இலையுதிர் பருவத்துக்கு உரியவள் தன் சோலையிற் சிவந்த இலைகளை இளவேனிலுக்கு உரியவளிடம் பாட்டொடு அனுப்பித் தன் பருவத்தின் மேன்மையைப் பாராட்டுகின்றாள். மற்றவள் தன் பருவம் வந்தபோது விடையிறுக்கின்றாள். இப்பூசலில் இலையும் பூவும் தூதும் வாதமும் ஆகின்றன. அலங்காரத்துக்கு வைத்த செடி அக்கதையில் இல்லை.

அரண்மனையிற் பிறந்த இம்மரபு குடிமக்கள் மனைக்கும் பரவியது. ஆண்டில் ஐந்து நாட்கள் செடிகளோடு சேர்த்துக் கொண்டாடப்பட்டன. முதல் மாதம் ஏழாம் நாள் ஏழு கீரைகள் இட்ட கஞ்சியும், மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் பீச்சு மரத்தின் பூவும், ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் ‘சோபு’ இலையும், ஏழாம் மாதம் ஏழாம் நாள் வேண்டுதல் எழுதிக் கட்டும் மூங்கிலும், ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் செவ்வந்தியும் அவற்றுக்கு உரியன. இவற்றுள் சோபு என்பது தமிழர் வசம்பு என வழங்கும் செடியே. அதன் மணமுள்ள இலைகளை வெந்நீரில் இட்டுச் சிறுவரை நீராட்டித் தீங்கு நீங்குமென யப்பானியர் நம்பினர். தமிழ் மனைகளிலும் குழந்தைக்குக் காவலாவது அவ்வசம்பே. இரவிலே அதன் பெயரைச் சொல்லவும் அஞ்சிப் பேர்சொல்லா மருந்து என்றனர். தொடர்பின்றி வாழ்ந்த இரு மக்கள் ஒரு செடியை ஒரே காவற்றொழிலுக்கு அமர்த்தியமை வியப்புக்குரியது.

செடியைக் காக்கும் உழைப்பும் இம்மரபின் பகுதியே. கனசாவா நகரத்துக் கென்ரோக்கு சோலையில் ஆண்டுதோறும் நவம்பர் முதல் நாளில் பைன் மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்குவர். மரத்தின் அருகே உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து கிளைதோறும் கயிற்றை இறக்கிக் கட்டுவது வழக்கம். ஈரம் செறிந்த பனிப் பொழிவின் பாரத்தாற் கிளை முறியாதிருத்தற் பொருட்டே இது செய்யப்படும். பனி விழுமுன்னரே அக்கயிறுகள் குளிர் பருவத்தின் வரவை அறிவித்துவிடுகின்றன. காவலுக்குச் செய்த தொழில் காலப்போக்கிற் காட்சியும் ஆயிற்று.

இம்மரபு குற்றமற்றது எனல் பொருந்தாது. சோலையில் இடம் பெற்ற செடிகள் அரசவையின் சுவைக்கேற்பத் தெரிந்தெடுக்கப்பட்டவை. உழவனுடைய நெல்லும் அவனது வரகும் அங்குப் பெரிதும் வாயிலுக்கு வெளியிலேயே நின்றன. அன்றியும், செடியை நாளோடு பிணைத்தவர் சிலவிடத்து நாளைக் காத்துச் செடியைக் கைவிட்டனர். 1873 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் யப்பான் மேனாட்டுப் பஞ்சாங்கத்தை ஏற்றபோது பழைய விழாக்கள் பல அதே எண்ணுடைய புதிய நாட்களுக்கு மாற்றப்பட்டன. அதனால் அவை ஏறத்தாழ ஒரு மாதம் முற்பட்டன. மார்ச் 3 இற் பீச்சு மரம் இயல்பாக மலர்வதில்லை. சனவரி 7 இல் வயலோரத்துக் கீரைகள் தளிர்ப்பதில்லை. வெப்பக் கூடத்தில் வளர்த்தவற்றை விலைக்கு வாங்கியே அவ்விழாக்கள் இன்று நிறைவேறுகின்றன. விழா நிகழ்கின்றது, பருவம் அங்கில்லை.

இதற்கு மறுதலையான சான்றும் யப்பானியர் வரலாற்றிலேயே உண்டு. ஆண்டை 72 சிறு பொழுதுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செடி, பறவை, காற்று என்பவற்றுள் ஒன்றன் செய்கையைப் பெயராக இடும் முறையை அவர்கள் சீனத்திலிருந்து பெற்றனர். சீனத்தின் வானிலைக்கு அமைந்த அப்பெயர்கள் யப்பானுக்குப் பொருந்தாமையை உணர்ந்தவர் சிபுகாவா அருமி என்னும் வானநூல் வல்லார். அவர் கணித்த புதிய பஞ்சாங்கம் 1685 இல் நடைமுறைக்கு வந்தது. 72 பொழுதுகளையும் அவர் தம் நாட்டுச் செடிகளுக்கும் உயிர்களுக்கும் ஏற்பத் திருத்தினார். முன்னோர் மொழிந்ததைப் போற்றியவாறே தம் கண் கண்டதற்கு முதன்மை தந்தமை அவர் செய்த நற்பணியாகும். 1685 இற் செய்த திருத்தம் மரபை வாழ்வித்தது. 1873 இற் செய்த மாற்றம் மரபின் ஓட்டை மட்டும் காத்தது.

இன்று இடர் வேறொரு திசையிலிருந்து வருகின்றது. கியோத்தோவிற் சகுரா பூத்த நாட்களைப் பழைய நாட்குறிப்புக்களிலிருந்து ஆராய்ச்சியாளர் தொகுத்துள்ளனர். அப்பதிவு 812 ஆம் ஆண்டு வரை பின்செல்கின்றது. 2021 ஆம் ஆண்டு மார்ச் 26 இல் அம்மரங்கள் முழுதும் பூத்தன. அதுவரையிலான 1,200 ஆண்டுப் பதிவில் அத்துணை முந்திய நாள் பிறிதிருக்கவில்லை. நகரும் உலகும் வெப்பமுற்றமையே இதற்குக் காரணம் என்பர். 1953 முதல் யப்பானிய வானிலைத் திணைக்களம் 34 செடிகளையும் 23 உயிர்களையும் பருவத்தின் பொருட்டு நோக்கிவந்தது. அவற்றை நகரங்களின் அருகே காண்டல் அரிதாயினமையால், 2021 முதல் 6 செடிகளை மட்டுமே அது நோக்குகின்றது. கொக்கின்சூவின் முதற் பாட்டு விளையாட்டாக எழுப்பிய ஐயம் இன்று மெய்யான கவலையாகிவிட்டது.

செடியும் நாளும் செயலும் பிணைந்த இம்மரபைப் பிறநாட்டார் எவ்வாறு ஏற்றனர் என்பது அடுத்து நோக்கற்பாலது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில், சூரோங் ஏரித் தீவொன்றிலே, கின்சாக்கு நக்கானே என்னும் சோலைக்கலை வல்லுநர் அமைத்த யப்பானியச் சோலை 1973 இல் திறக்கப்பட்டது. 13 எக்டேர் பரப்புடைய அதன் அமைப்பிற் குறை கூறற்கு இல்லை. ஆயினும் நிலநடுக்கோட்டை அடுத்த அந்நாடு குளிர் பருவம் அறியாதது. குளிரை உண்டபின் மலரும் சகுராவும், குளிர் தொடத் தொடச் சிவக்கும் மேப்பிளும் அங்குத் தம் தொழிலைச் செய்யமாட்டா. கல்லும் நீரும் விளக்கும் கடல் கடந்தன, பருவம் கடக்கவில்லை. இது கலைஞர் குற்றமன்று; மரபு ஒன்றைப் பெயர்த்து நடுவோர் யாவரும் எதிர்நோக்கும் வினாவாகும்.

தமிழிலக்கியமும் இவ்வினாவை எதிர்நோக்கியதுண்டு. பாரதியார் 1916 இல் ‘சுதேசமித்திரன்’ இதழில் யப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஐக்கூ என்னும் மூன்றடிப் பாக்கள் தமிழிற் பெருகின. அவற்றின் சுருக்கமும் இறுதி அடியின் வியப்பும் பலரைக் கவர்ந்தன. ஆனால் யப்பானிய ஐக்கூவில் இன்றியமையாததாகக் கருதப்பட்ட பருவச் சொல்லைத் தமிழ் ஐக்கூ பெரும்பாலும் விட்டுவிட்டது. யப்பானியருள்ளும் தனேடா சந்தோக்கா போன்றோர் அடியளவையும் பருவச் சொல்லையும் துறந்து பாடினர் எனச் சிலர் விடை கூறலாம். உண்மையே. ஆயினும் உடையதைத் துறத்தல் வேறு. பெறாதே விடுதல் வேறு. துறந்தவன் பாட்டிலே துறக்கப்பட்டது நிழலாய் நிற்கும். பெறாதவன் பாட்டில் அதன் இடம் வெறுமையாகவே இருக்கும்.

இவ்விழப்பு மேலும் வருந்தத்தக்கது. ஏனெனின், பருவத்தைச் சொல்லாக ஆண்ட இலக்கணம் தமிழருக்குப் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். பூவும் மரமும் புள்ளும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகள் வகுக்கப்பட்டன. செடி, நாள், செயல் என மேற்கூறிய பிணைப்பு இதுவே. குறுந்தொகையில் ஒரு தோழி, கார் வருமுன்னரே பூத்துவிட்ட கொன்றையைப் பேதை மரம் எனப் பழிக்கின்றாள். காலமல்லாத காலத்துப் பெய்த மழையைக் கார் என அது மயங்கிற்றாம். தலைவன் குறித்த பருவம் இன்னும் வரவில்லையாம். தலைவியின் உயிரைக் காத்தற் பொருட்டு மரத்தைப் பொய்ச்சான்று ஆக்கும் இவ்வுத்தி, கொக்கின்சூவின் முதற் பாட்டினும் ஆழமுடையது. அங்கே ஐயம் அறிவின் விளையாட்டு. இங்கே அது பிரிவாற்றாமைக்கு மருந்து.

எனினும் வேறுபாடு ஒன்று உண்டு. யப்பானியர் பாட்டிற் கண்டதைச் சோலையிலும் பஞ்சாங்கத்திலும் அடுக்களையிலும் தொடர்ந்து வாழவிட்டனர். காலத்துக்கேற்பப் பெயர்ப்பட்டியலைத் திருத்தினர். தமிழர் திணை மரபை உரைநூலிற் காத்தனர். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிய 99 பூக்களையும் மனனஞ் செய்யும் மாணாக்கன், தன் வீட்டு வேலியிற் பூத்து நிற்பதன் பெயரை அறியாதிருத்தல் கூடும்.

உக்குவளையை ஈண்டு எடுத்துக்கொள்வது இதனாலேயே. 1880 இல் திறக்கப்பட்ட கண்டி–மாத்தளை இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூரைச் சூழ்ந்த மனைத்தோட்டங்கள் எவராலும் கலைப்பொருளாகத் திட்டமிடப்பட்டவை அல்ல. தென்னை, பலா, கமுகு என்பன மேலே நிற்க, மிளகுக்கொடி மரத்தைப் பற்றி ஏற, சாதிக்காய், கராம்பு, கொக்கோ, கோப்பி என்பன நிழலில் வளரும். கண்டி நாட்டு மனைத்தோட்டம் என அறிஞர் போற்றும் முறை இது. யப்பானியச் சோலை வாயிலுக்கு வெளியே நிறுத்திய உழவனுடைய செடி இங்கே நடுமுற்றத்தில் நிற்கின்றது.

இத்தோட்டங்களுக்கும் அயலிலுள்ள பெருந்தோட்டங்களுக்கும் பருவம் இல்லை எனல் தவறு. மார்கழி முதல் மாசி வரை இறப்பர் மரங்கள் இலை சிவந்து உதிர்க்கின்றன. மேப்பிள் காணக் கடல் கடக்க வேண்டுவதில்லை. மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் ஐந்து தேர்களோடு எழுந்தருளும்போது வேப்பிலைக்குரிய நாள் வருகின்றது. சித்திரைப் பிறப்பை ஒட்டி முள்முருக்கு செந்நிறப் பூச் சொரிகின்றது. சிங்கள மக்கள் அதனை எரபது என வழங்கி, அப்பூவையும் குயிலோசையையும் புத்தாண்டின் தூதாகக் கொள்கின்றனர். சங்கநூல்கள் நன்கறிந்த முருக்கு இதுவே. புத்தாண்டு பிறக்கும் புண்ணிய காலத்தில், துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு முதலியன இட்டுக் காய்ச்சிய மருத்துநீரைத் தமிழர் தலையில் வைத்து நீராடுவர். தலைக்கு இன்ன இலை, காலுக்கு இன்ன இலை என்பதைப் பஞ்சாங்கம் ஆண்டுதோறும் விதிக்கும். யப்பானியச் சிறுவர் வசம்பு நீராட்டுக்கு இது எவ்வாற்றானும் குறைந்ததன்று.

எனினும் சகுராவுக்கு நிகரான பூ எது என வினவின், அது கோப்பிப் பூவே. வறண்ட நாட்களின் பின் பெய்யும் மழையை உண்ட சில நாட்களுள் கிளை முழுவதும் வெண்மையாக மலர்ந்து, மணம் பரப்பி, இரண்டு மூன்று நாட்களுள் வாடிவிடும். ஐரோப்பியர் பெருந்தோட்டம் இடுமுன்னர்ச் சிங்கள மக்கள் அப்பூவைப் புத்தர் கோயிலிற் படைத்தனர் எனப் பழைய நூல்கள் கூறும். தென்னிந்தியத் தமிழர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் மாத்தளையை அடைந்தது இச்செடியின் பொருட்டே. வழியில் இறந்தோர் பலர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பெருந்தோட்டங்களை அழித்தது. செடி அழிந்தது, அதன் பொருட்டு வந்தோர் தங்கினர். இத்துணை வரலாற்றைத் தாங்கிய பூ, யப்பானியர் கையிற் கிடைத்திருப்பின் ஒரு தொகைநூலுக்கே பொருளாகியிருக்கும். தமிழ்க் கவிதையில் அது பெற்ற இடம் மிகச் சிறிது.

மலையக இலக்கியம் செடியைப் பாடாத இலக்கியம் அன்று. சி. வி. வேலுப்பிள்ளையின் நெடும்பாட்டு ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் பெயரால் தமிழிலும் வழங்குகின்றது. உழைப்பின் துயரை இவ்விலக்கியம் உரைத்த திறம் போற்றத்தக்கது. எனினும் தேயிலைக்குப் பருவம் மறுக்கப்பட்டமை ஈண்டு உன்னத்தக்கது. தேயிலை யப்பானியச் சோலைகளில் குளிர் காலத்து மலரும் கமேலியாவின் இனம். யப்பானியர் தேயிலைப் பூவை முன்குளிர் காலத்துக்குரிய பருவச் சொல்லாக ஆள்கின்றனர். மலையகத்திலோ கொழுந்து ஆண்டு முழுவதும் கிள்ளப்படுவதால் அச்செடி பூத்து நிற்க விடப்படுவதில்லை. பருவமற்ற செடியோடு வாழ்ந்தோர் பாட்டிற் பருவம் மெலிந்தமை இயல்பே; அதனைக் குற்றமெனக் கூறுதல் நீதியாகாது. ஆயினும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து மனைக்குத் திரும்பியவர் வாசலில் முருக்கும் கோப்பியும் பூத்தே நின்றன. அவற்றை எழுதாது விட்டமை குறையே.

கோப்பியும் கொக்கோவும் கராம்பும் வேற்று நாட்டுச் செடிகள். திணைநூலிற் காணப்படாத இவற்றைக் கருப்பொருளாகக் கொள்ளுதல் மரபாகுமோ எனின், ஆகும். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் தம் நிலத்தொடும் பொழுதொடும் பொருந்தாமல் வேறு நிலத்திலே வந்து வழங்கினும், அவை தாம் வந்தடைந்த நிலத்துக்கே உரிய கருப்பொருளாகக் கொள்ளப்படும் என்பது தொல்காப்பியர் அகத்திணையியலில் வகுத்த விதியாகும். யப்பானியர் போற்றிய ஊமேயும் சீனத்திலிருந்து வந்ததே. வந்த பூவை எந்த ஊர் என வினவித் தள்ளாது, நின்ற நிலத்தின் பொருளாக ஏற்ற இவ்விதி, வந்த மாந்தரை அவ்வாறு ஏற்கத் தயங்கிய காலத்துக்கும் ஒரு விடையாகும். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மலையக மக்கள் அதனை முற்றும் பெற அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அதற்கு முன்னரே அவர்தம் செடிகள் இந்நிலத்துக்கு உரியனவாகிவிட்டன.

ஆகவே யப்பானியச் சோலையினின்று கற்கத்தக்கது கல்விளக்கும் பாலமும் அன்று. சிபுகாவா அருமி 1685 இற் காட்டிய நெறியே. தமிழரிடம் இலக்கணமும் உண்டு. மருத்துநீரும் மாசித் தேரும் போன்ற வாழும் வழக்கமும் உண்டு. கண்ணெதிரே பூப்பதைக் கண்டு பட்டியலைப் புதுக்கும் பணியே எஞ்சியுள்ளது. இப்பகுதிக் கல்லூரி மாணாக்கர், இன்ன கிழமையில் இன்ன பூ மலர்ந்தது, அன்று மனையில் இன்னது செய்தனர் என ஓராண்டு எழுதிவைப்பாராயின், உக்குவளைக்கு உரிய பருவநூல் ஒன்று உருவாகும். மழையும் வெயிலும் முறை தவறிவரும் இக்காலத்தில் அந்நூல் புலவனுக்கு மட்டுமன்றி உழவனுக்கும் பயன்படும். அடுத்த மழைக்குப் பின் கோப்பி மலரும் நாளே அதன் முதற் பக்கம் ஆகலாம்.